பாதி ஆட்டம் தோற்பதற்கான ஏற்பாடு

ஊரை வளர்த்து, படை திரட்டி, எதிராளியை வீழ்த்தும் கணினி ஆட்டமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் ஆயிரம் தரவரிசை ஆட்டம் ஆடிய ஒருவரின் கணக்கைத் திறந்து பார்த்தால், ஏறக்குறைய ஐந்நூறு தோல்வி இருக்கும். கைதேர்ந்தவருக்கும் அப்படித்தான், போன மாதம் கற்றுக்கொண்டவருக்கும் அப்படித்தான். உச்சாணிக் கொம்பில் இருக்கும் சிலருக்கும் அடிப்படியில் இருக்கும் சிலருக்கும் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு மேலேயோ கீழேயோ ஆள் கிடைப்பதில்லை. மற்ற எல்லோரையும் பாதிக்குப் பாதி தோற்க வைத்தால்தான், சமமானவர்களைத் தேடி மோதவிடும் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

‘பாதி தோக்கறதுக்கா ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிட்டிருக்க?’ சென்னையில் இந்த ஆட்டம் ஆடும் வீடுகளில் அடுத்த அறையிலிருந்து வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். வெற்றி மட்டும் போதும் என்றால் கணினியையே எதிராளியாக வைத்து, அதன் திறனைக் குறைத்து, தினம் பத்து முறை ஜெயிக்கலாம். ஒரு வாரத்தில் சலித்துவிடும். போட்டி ஆட்டத்துக்கு வருகிறவர் தேடுவது தனக்குச் சமமான ஓர் ஆளை. முகம் தெரியாத, தன்னைவிட ஒரு பிடி கூடவோ குறையவோ தெரிந்த ஒருவர், அரை மணி நேரம் முழுக் கவனத்தோடு தன்னை வீழ்த்தப் பார்க்க வேண்டும். அப்படி ஓர் ஆள் கிடைப்பதற்கு விலைதான் அந்தப் பாதித் தோல்வி.

சமமான ஆளை எப்படிப் பிடிக்கிறார்கள்

சென்னைக்கு ரேட்டிங் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. விஸ்வநாதன் ஆனந்த் வளர்ந்த ஊர், 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட்டைப் பக்கத்து மாமல்லபுரத்தில் நடத்திய ஊர். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் ஈலோ, வெற்றி தோல்வியை வைத்து ஒருவரின் திறனைப் புள்ளியில் அளக்க வகுத்த முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. இந்த ஆட்டத்தில் ஓடுவதும் அதே கணக்கு.

புதிதாக வருபவர் 1,000 புள்ளியில் தொடங்குகிறார். முதல் பத்து ஆட்டம் முடியும்வரை பட்டியலில் பெயர் வராது. சமமான இருவர் மோதினால் வென்றவருக்கு 16 கூடும், தோற்றவருக்கு 16 குறையும். இருவருக்கும் இடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் நூற்றுக்கு 76 முறை வெல்வார் என்று முறை எதிர்பார்க்கிறது. அதனால் அவர் வென்றால் கிடைப்பது 8 புள்ளிதான், தோற்றால் போவது 24. வித்தியாசம் 400 என்றால் எதிர்பார்ப்பு 91 முறை; வென்றால் 3, தோற்றால் 29. ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்துக்கு ஒரு பட்டியல், குழு ஆட்டத்துக்கு வேறொரு பட்டியல்.

இதில் ஒரு கொடுமை உண்டு. உண்மையில் 700 புள்ளித் திறன் உள்ள ஒருவரும் 1,000-இல்தான் தொடங்குகிறார். ஆகவே முதல் பத்து ஆட்டத்தில் பெரும்பாலானவற்றில் அடி வாங்குகிறார். எட்டு தோற்றதும் ‘இது நமக்கு ஆகாது’ என்று மூடிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. இன்னும் ஏழெட்டு ஆட்டம் பொறுத்திருந்தால் அவர்களுக்குச் சமமான ஆள் வந்திருப்பார். புதியவர் யாரையாவது இழுத்து வந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பவர்களை ஸ்மர்ஃப் என்கிறார்கள். 1,800 புள்ளிக்காரர் புதுக் கணக்கு தொடங்கி 1,000-இல் இருப்பவர்களை மிதிப்பது அது. வேண்டுமென்றே வரிசையாகத் தோற்றுக் கீழே இறங்கி, பிறகு ஏறி விளையாடுவதும் உண்டு. ஏமாற்று மென்பொருள் வைத்திருப்பவரைவிட இவர்மேல் ஆட்டக்காரர்களுக்குக் கோபம் அதிகம். புள்ளி போனதற்காக அல்ல. சமமான ஆள் என்று நம்பி உட்கார்ந்த அரை மணி நேரம் பொய்யாகிவிட்டதற்காக.

அழுகுணி ஆட்டம் எது

மூல ஆட்டம் 1999-இல் வந்தது. தி கான்கரர்ஸ் விரிவாக்கம் அடுத்த ஆண்டு. சென்னையில் பலர் இதைப் பழகியது பிரவுசிங் சென்டரில். மணிக்கு இவ்வளவு என்று காசு, ஒரே லேனில் எட்டுப் பேர், எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். தொடங்கும் முன்பே ஒரு வாய்மொழி ஒப்பந்தம் இருக்கும்: ‘நோ ரஷ், முப்பது நிமிஷம்.’ அதாவது, முதல் அரை மணி நேரம் யாரும் யாரையும் தாக்கக் கூடாது. பெரும்பாலும் பிளாக் ஃபாரஸ்ட் வரைபடம். சுற்றிலும் காடு, உள்ளே வர ஒன்றிரண்டு குறுகிய வழி. கோட்டை கட்டி, படை சேர்த்து, கடைசியில் ஒரு பெரிய மோதல்.

இந்த விதியைக் கோழைத்தனம் என்று இன்றைக்குச் சிலர் கிண்டல் செய்வது தவறு. எட்டாவது நிமிடத்தில் ஒருவனை அழித்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டியவன் மீதி நேரம் அடுத்தவன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வேறு ஆட்டத்துக்கு ஆள் கிடையாது. அந்தப் பொருளாதாரத்தில் ‘நோ ரஷ்’தான் நியாயம். மீறினவனை அழுகுணி என்று சொன்னதும் நியாயம். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்குப் பிறகு கல்லூரி விடுதிகளிலும் இதே பழக்கம் தொடர்ந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியிலும் பழைய ஆட்டம் ஓடும்.

2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பு வந்த பிறகு நிலைமை வேறு. பொத்தானை அழுத்தினால் எதிராளியை அமைப்பே தேடித் தருகிறது. எட்டாவது நிமிடத்தில் தோற்றவர் ஒன்பதாவது நிமிடத்தில் அடுத்த ஆட்டத்துக்கு வரிசையில் நிற்கலாம். காத்திருக்கும் கஷ்டம் போனதும் ‘நோ ரஷ்’ விதிக்கு இருந்த காரணமும் போயிற்று. இதைக் கவனிக்காமல் பழைய பழக்கத்தோடு தரவரிசைக்குள் வருபவர், பத்தாவது நிமிடத்தில் தன் மரவெட்டிகளுக்கு நடுவே மூன்று குதிரைகளைப் பார்க்கிறார். முதல் வார்த்தை ‘சீட்டிங்’. இல்லை. ஆட்டம் அனுமதிக்கும் எதுவும் இங்கே கள்ளாட்டம் ஆகாது. வாய்மொழி விதி இருந்த இடத்தில் இப்போது இருப்பது வேலி. ஒரு கட்டம் மரவேலிக்கு 3 மரம். அதிகம் ஆடப்படும் அரேபியா திறந்தவெளி வரைபடம். அதில் காட்டையும் வீடுகளையும் இணைத்து இடைவெளிகளை மட்டும் வேலியால் அடைப்பார்கள். ஒரே ஒரு கட்டம் விட்டுப்போனாலும் குதிரை அந்த வழியாகத்தான் வரும். சீக்கிரமே முழு வேலி போட ஆள் அனுப்பினால் மரம் வெட்ட ஆள் குறையும். எப்போது, எவ்வளவு அடைப்பது என்பதே ஒரு பந்தயம்.

ஏழரை நிமிடம்

ஏழரை என்றாலே நமக்குச் சனிதான் நினைவுக்கு வரும். இந்த ஆட்டத்தில் அது ஒரு லட்சியம்.

தொடக்கக் கையிருப்பு 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். ஆட்கள் மூன்று வில்லேஜர் (வேலையாள்), ஒரு ஸ்கவுட் குதிரை (வேவு பார்ப்பது). கூடவே வில்லேஜர்களை உருவாக்கும் ஒரு டவுன் சென்டர். ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவும் 25 விநாடியும் ஆகும். ஸ்கவுட் குதிரைகளைச் சேர்த்துச் சீக்கிரமே தாக்கும், அதிகம் பழகப்படும் ஸ்கவுட் திட்டத்தில், மக்கள்தொகை 21 ஆனதும் அடுத்த யுகமான ஃபியூடலுக்குப் பொத்தான் அழுத்த வேண்டும். 21 என்றால் இருபது வில்லேஜரும் அந்தக் குதிரையும். அதாவது புதிதாக 17 பேர். 17 பேருக்கு 425 விநாடி, லூம் என்ற பாதுகாப்பு மேம்பாட்டுக்கு 25 விநாடி. கூட்டினால் 450 விநாடி, சரியாக ஏழரை நிமிடம். யுகம் மாற 130 விநாடி. ஒரு விநாடிகூட வீணாகாவிட்டால் 9:40-க்கு ஃபியூடல். இதற்கு மேல் வேகமாக இந்தத் திட்டத்தை ஆட எந்த மேதையாலும் முடியாது. டவுன் சென்டர் ஒன்றுதான், அது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும்.

இது ஆட்டத்தின் கடிகாரம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தரவரிசை ஆட்டம் 1.7 மடங்கு வேகத்தில் ஓடுகிறது. சுவர்க் கடிகாரத்தில் அந்த ஏழரை நிமிடம் வெறும் நாலே கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 25 விநாடி என்பது உண்மையில் 15 விநாடி.

உணவுக் கணக்கும் இவ்வளவு துல்லியமானது. 17 பேருக்கு 850, யுகம் மாற 500, மொத்தம் 1,350. கையில் இருந்த 200 போக 1,150 உணவை அதற்குள் சேர்த்தாக வேண்டும். பக்கத்தில் எட்டு ஆடு, தலைக்கு 100. இரண்டு காட்டுப்பன்றி, தலைக்கு 340. ஆறு பெர்ரிச் செடி, ஒன்றில் 125. உணவுக்குப் பஞ்சமில்லை, எடுக்கும் வரிசைதான் சிக்கல். முதல் ஆறு பேர் ஆட்டுக்கு, அடுத்த மூன்று நான்கு பேர் மரத்துக்கு, பிறகு ஒருவர் பன்றியை இழுக்க, நான்கு பேர் பெர்ரிக்கு என்பது பொதுவான அடுக்கு.

பன்றிதான் பலரைக் கவிழ்க்கும் இடம். அதை இருக்கும் இடத்திலேயே கொன்றால் இறைச்சியைத் தூக்கிக்கொண்டு பாதி வரைபடம் நடக்க வேண்டும். ஆகவே ஒரு வில்லேஜர் போய் அம்பு விட்டுச் சீண்டி, துரத்த வைத்து, டவுன் சென்டர் வாசல்வரை ஓடி வர வேண்டும். லூம் போடாத வில்லேஜருக்கு உயிர் 25, போட்டவருக்கு 40. நடுவில் எதிராளியின் குதிரை குறுக்கே வந்தாலோ, ஆட்டக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலோ ஆள் காலி. பன்றி நெருங்கிவிட்டால் ஓடுபவரை டவுன் சென்டருக்குள் நுழைத்துவிட்டு மற்றவர்களை விட்டுச் சுடச் சொல்லலாம். முதல் பன்றியில் 150 உணவு மீதி இருக்கும்போதே இரண்டாவதை இழுக்கக் கிளம்ப வேண்டும். தீர்ந்த பிறகு கிளம்பினால் ஆறு பேர் கை கட்டி நிற்பார்கள்.

இதைவிட அற்பமான தவறு வீடு. டவுன் சென்டர் தாங்குவது ஐந்து பேரை. தொடக்கத்திலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். முதல் 25 விநாடிக்குள் 25 மரத்தில் ஒரு வீடு எழும்பாவிட்டால் ஆறாவது ஆளுக்கு இடமில்லை, உற்பத்தி நின்றுவிடும். ஒரு வீடு ஐந்து பேருக்கு. ஆகவே மக்கள்தொகை 21 ஆவதற்குள் இந்தத் தவறைச் செய்ய நான்கு வாய்ப்பு இருக்கிறது.

நடைமுறையில் இடைநிலை ஆட்டக்காரர் ஒருவர் 8:30-க்குப் பொத்தான் அழுத்துவார். ஒரு நிமிடம்தானே என்று தோன்றும். அந்த நிமிடத்தில் இரண்டு வில்லேஜர் பிறந்திருக்க வேண்டும். ஒரு வில்லேஜர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 மரம் கொண்டுவருவார். அடுத்த பதினைந்து நிமிடத்தில் அந்த இருவர் கொண்டுவந்திருக்க வேண்டியது சுமார் 600. இருபதாவது நிமிடத்தில் ‘அவனுக்கு மட்டும் எப்படி இவ்வளவு படை?’ என்று திகைக்கும்போது, பதில் ஐந்தாவது நிமிடத்தில் கிடக்கிறது. போட்டி ஆட்டக்காரர்களுக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு. தோல்விக்கு நேரம் குறித்த காரணம் இருக்கிறது. அலுவலகத்திலும் தேர்விலும் எங்கே சறுக்கினோம் என்று இவ்வளவு தெளிவாக யாரும் காட்டுவதில்லை.

ஒளிந்திருப்பதைப் படிப்பது

சதுரங்கத்தில் இருவரும் ஒரே பலகையைப் பார்க்கிறார்கள். இங்கே வரைபடம் இருட்டில் கிடக்கிறது. தன் ஆள் நிற்கும் இடம் மட்டும் தெரியும். அதனால்தான் தொடக்கத்தில் கொடுத்த ஒற்றைக் குதிரைக்கு அவ்வளவு மதிப்பு. முதலில் தன் ஆடுகளைத் தேடிவிட்டு, ஏழாம் எட்டாம் நிமிடத்தில் எதிராளியின் ஊருக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். தங்கச் சுரங்கத்தில் ஆள் இருக்கிறார்களா? இருந்தால் ஆர்ச்சர் (வில்லாளி) வருகிறது. பெர்ரியிலும் ஆட்டிலும் கூட்டம், தங்கத்தில் யாருமில்லை என்றால் குதிரை வருகிறது.

வரப்போவது தெரிந்தால் என்ன லாபம் என்பதை எண்ணே சொல்லும். ஃபியூடல் யுக ஆர்ச்சரின் தாக்குதல் 4, உயிர் 30, விலை 25 மரமும் 45 தங்கமும். ஈட்டி எறியும் ஸ்கர்மிஷருக்கு உயிர் 30, அம்புக்கு எதிரான கவசம் 3. மேம்பாடு எதுவும் இல்லாதபோது ஆர்ச்சரின் ஓர் அம்பு அதற்குச் செய்யும் சேதம் 1. கொல்ல முப்பது அம்பு. ஸ்கர்மிஷர் திருப்பி அடிப்பது 2, ஆர்ச்சருக்கு எதிரான கூடுதல் 3, ஆக 5. ஆறு அடியில் ஆர்ச்சர் காலி. விலையோ 25 உணவும் 35 மரமும்தான், தங்கமே வேண்டாம். குதிரைக்கு எதிரே ஸ்பியர்மேன் என்ற ஈட்டிக்காரன்: தாக்குதல் 3, கூடுதல் 15. 45 உயிருள்ள ஸ்கவுட் மூன்று குத்தில் விழும். ஸ்கவுட் அதே ஸ்பியர்மேனைக் கொல்ல ஒன்பது அடி வேண்டும்.

இதைக் கல்-தாள்-கத்தரி என்று சொல்லிவிட்டால் பாதி விஷயம் போய்விடும். ஃபியூடலில் ஸ்கவுட்டின் வேகம் 1.55, ஸ்பியர்மேனின் வேகம் 1. ஸ்கவுட் தோற்கும் சண்டைக்குள் போகவே வேண்டியதில்லை. மரக்காட்டில் ஈட்டி நின்றால் பெர்ரிக்கு ஓடலாம், அங்கே வந்தால் தங்கத்துக்கு. மூன்று ஸ்கவுட்டுக்குச் செலவு 240 உணவு. இரண்டு வில்லேஜரைக் கொன்றால் எதிராளிக்கு உற்பத்தி நட்டம் 100 உணவு. கணக்குப்படி தாக்கியவருக்கே நட்டம். ஆனாலும் எல்லா மட்டத்திலும் இதை ஆடுகிறார்கள். தாக்கப்பட்டவர் அந்த இருபது விநாடி திரையை அங்கேயே வைத்திருப்பார். அந்த நேரத்தில் அவருடைய டவுன் சென்டர் சும்மா நிற்கும், வீடு கட்ட மறந்திருக்கும், இரண்டாவது பன்றி காத்திருக்கும். குதிரை திருட வந்தது ஆளை அல்ல, பார்வையை. இதற்குப் பதில் குறுக்குவிசைகளில் இருக்கிறது. டவுன் சென்டருக்கு ஒரு விசை, வேலையில்லாமல் நிற்பவரைத் தேட ஒரு விசை, படைக்கு எண்கள். சண்டையைப் பார்த்துக்கொண்டே கை தானாக ஆள் உருவாக்கும் நிலைக்குப் பழக்க வேண்டும். சமையலறையில் ஒரு பக்கம் தாளித்துக்கொண்டே மறுபக்கம் பால் பொங்காமல் பார்ப்பவருக்கு இது சட்டென்று புரியும்.

நார்வேயின் தி வைப்பர், கனடாவின் ஹெரா போன்ற முன்னணி ஆட்டக்காரர்களின் ஆட்டத்தைப் பார்த்துக் கற்பவர்கள் ஏராளம். 2022-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டைக்குள்ளேயே ஒரு பெரிய போட்டி நடந்தது. பார்ப்பது நல்லது, அப்படியே நகலெடுப்பது ஆபத்து. நான்கு ஆர்ச்சரை வைத்து அம்புக்கு அம்பு விலகி ஆடும் அவர்கள் பாணி, அதே நேரத்தில் ஊரையும் நடத்தத் தெரிந்தவருக்குத்தான் உதவும். 1,000 புள்ளியில் இருப்பவர் அதை முயன்றால் நான்கு ஆர்ச்சர் பிழைக்கும், ஊர் பட்டினி கிடக்கும்.

தமிழ் பேசும் படை

2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கம், அதுவரை ‘இந்தியர்’ என்று ஒரே மூட்டையாக இருந்ததைப் பிரித்தது. இந்துஸ்தானி என்று பழையதற்குப் பெயர் மாறியது. வங்காளி, திராவிடர், கூர்ஜரர் என்று மூன்று புதிய தரப்பு. மொத்தம் 42 ஆனது. திராவிட வீரர்கள் பேசுவது தமிழ். அவர்களுக்கான கதைத்தொடர் ராஜேந்திர சோழனுடையது. தனிப்படை உருமி வீரன்; சிலம்ப ஆசான்கள் சுருள்வாள் என்று சொல்வதற்கு மலையாளப் பெயரை எடுத்திருக்கிறார்கள். கடலில் திரிசடை என்ற கப்பல்.

ஊர்ப் பாசத்தில் இதை எடுத்து ஆடத் தொடங்கியவர்கள் சீக்கிரமே ஒரு உண்மையை முட்டிக்கொண்டார்கள்: இந்தத் தரப்புக்கு நைட் குதிரைப்படை கிடையாது. ஃபியூடலுக்கு அடுத்த கேசில் யுகத்தில் மற்றவர்கள் 100 உயிருள்ள நைட்டை வைத்து வரைபடம் முழுக்க ஓடும்போது, திராவிடர் நடந்து போக வேண்டும். பதிலுக்கு ஒவ்வொரு யுகம் மாறும்போதும் 200 மரம் இனாம், படைக்கூடத்து மேம்பாடுகள் பாதி விலை, ஸ்கர்மிஷர் 25 விழுக்காடு வேகமாக எறியும். வூட்ஸ் எஃகு என்ற மேம்பாடு வந்தால் எதிரியின் கவசம் அடிக்குக் கணக்கில் வராது. தென்னிந்திய உருக்கின் பெயரை அந்த இடத்தில் வைத்தது பொருத்தம். ஆடுபுலி ஆட்டம் ஆடியவருக்கு இது புதிதல்ல. மூன்று புலியும் பதினைந்து ஆடும் சமமா என்று கேட்டால் பதில் கிடையாது, யார் எந்தப் பக்கம் உட்கார்ந்து எப்படி ஆடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. திராவிடரை எடுத்துவிட்டுக் குதிரைக்காரர் போல ஆட நினைப்பவர் தோற்பார். அதன் பலம் தெரிந்து ஆடுபவர் ஆற்றிலும் கடலிலும் வெல்வார், நடுநிலத்தில் வேலிக்குள் பதுங்கத் தெரிந்தால் பிழைப்பார்.

கம்பியும் கரண்ட்டும்

இந்த ஆட்டத்தில் ‘லேக்’, அதாவது திணறல், வந்தால் எல்லோருக்கும் வரும். காரணம் அதன் உள் அமைப்பு. ஆயிரக்கணக்கான வீரர்களின் இருப்பிடத்தை இணையத்தில் அனுப்புவதில்லை. ஒவ்வொருவர் கணினியும் முழு ஆட்டத்தையும் தனியாக நடத்துகிறது. கம்பியில் போவது கட்டளைகள் மட்டும். ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனத்தின் பால் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001-இல் இதை விளக்கி எழுதினார்கள். நொடிக்கு 28.8 கிலோபிட் மோடத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. கட்டளை கொடுத்தால் உடனே நடக்காது, இரண்டு சுற்று கழித்து எல்லாக் கணினியிலும் ஒரே சமயத்தில் நடக்கும். கால் விநாடித் தாமதத்தை ஆட்டக்காரர்கள் கவனிக்கவே இல்லை என்றும், அரை விநாடியைத் தாண்டினால்தான் உறுத்தத் தொடங்கியது என்றும் அவர்கள் கண்டார்கள். அதைவிட முக்கியமாக, ஒரே சீரான தாமதம் பரவாயில்லை, ஏறி இறங்கும் தாமதம்தான் தொல்லை.

ஆகவே சென்னையில் ஆடுபவருக்கான அறிவுரை எளிது. வேகமான மொபைல் ஹாட்ஸ்பாட்டைவிட, வேகம் குறைந்தாலும் கம்பி வழி இணைப்பு நல்லது. வைஃபை வேண்டாம், ரௌட்டரிலிருந்து நேராக லேன் கேபிள். கணினியின் திறனும் இதில் சேரும். எட்டுப் பேர் குழு ஆட்டத்தில் ஒருவர் கணினி திணறினால் மற்ற ஏழு பேரும் காத்திருக்க வேண்டும். தரவரிசைக்குள் விடுமுன் ஆட்டமே ஒரு சோதனை வைத்து 1,000 மதிப்பெண் கேட்பது அதனால்தான்.

2012-இல் நகரத்துக்கே தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்தது. இப்போது அப்படி இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் ஒரு நொடி போய் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும் போயிருக்கும், ரௌட்டர் செருகியிருக்கும் பிளக்குக்குப் போயிருக்காது. போயிருந்தாலும், மாறும் அந்தக் கணத்தில் மேசைக் கணினி அணைந்து எழும். கணினிக்கு யூபிஎஸ், ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சின்ன யூபிஎஸ் என்று இரண்டும் வேண்டும். இணைப்பு அறுந்தால் ஆட்டம் தோல்விக் கணக்கில்தான் போகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது எந்த யூபிஎஸ்ஸும் உதவியிருக்காது. அது வேறு கதை.

கூட்டாளி

ஒற்றைக்கு ஒற்றை ஆட்டம் கணக்குப் பாடம் என்றால் குழு ஆட்டம் அரட்டை. ‘மச்சான், மரம் சுத்தமா இல்லடா, ஒரு நூறு தள்ளு’ என்றால், சந்தை கட்டியிருக்கும் நண்பன் 130 கொடுக்க வேண்டும். 30 விழுக்காடு கழிவு. நாணய மேம்பாடு செய்தால் 20 ஆகும். அந்த 30-ஐப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை. கேட்காமலே எதிராளியின் குதிரை போகும் பக்கத்தைச் சொல்லிவிடும் கூட்டாளிக்கு உள்ள மரியாதை, அதிகப் படை வைத்திருப்பவருக்கு இல்லை. வேலை மாறிப் பெங்களூருக்கும் துபாய்க்கும் போன பள்ளித் தோழர்கள் சனிக்கிழமை இரவு சந்திக்கும் திண்ணையாகவும் இது இருக்கிறது. மூல ஆட்டத்திலிருந்தே வரும் எண் ஒலிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன: 3 தட்டினால் உணவு கேட்கும், 11 தட்டினால் சிரிக்கும், 14 தட்டினால் ‘ஆட்டத்தைத் தொடங்கப்பா’ என்று அவசரப்படுத்தும்.

வீட்டுப் பெரியவர்கள் இதையும் ஆன்லைன் ரம்மியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது சென்னையில் சகஜம். பயம் நியாயமானது, இலக்கு தவறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடுபவற்றைத் தடை செய்தது. மின்விளையாட்டுப் போட்டியைத் தனியாக வைத்து அங்கீகரித்தது. இந்த ஆட்டத்தில் ரேட்டிங் புள்ளியைத் தவிர எதுவும் கைமாறுவதில்லை. இங்கே போவது நேரம்தான், அதற்குத் தனிக் கட்டுப்பாடு வேண்டும். வரிசையாக மூன்று தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிடுவது பலர் வைத்திருக்கும் விதி. மூன்றுக்குப் பிறகு ஆடுவது எதிராளியோடு அல்ல, போன ஆட்டத்தோடு.

தோல்வி உறுதியானதும் ‘ஜிஜி’ (நல்ல ஆட்டம்) என்று எழுதிவிட்டு விலகுவது மரபு. எழுதாமல் அறுத்துக்கொண்டு போகிறவரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருப்பதில்லை. முழுதும் தோற்ற பிறகும் வரைபடத்தின் மூலையில் ஒரு வில்லேஜரை ஒளித்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் இழுப்பவரைப் பற்றி அதைவிட மோசம்.

அதன்பிறகு செய்ய வேண்டியது ஆட்டத்தின் பதிவைத் திறப்பது. நான்கு இடத்தைப் பார்த்தால் போதும். ஃபியூடலுக்கு முன் டவுன் சென்டர் மொத்தம் எத்தனை விநாடி சும்மா நின்றது. எதிராளியின் முதல் படைக் கட்டடத்தை எந்த நிமிடத்தில் கண்ணால் பார்த்தீர்கள், அது எந்த நிமிடத்தில் கட்டப்பட்டது. முதல் பெரிய சண்டை தோற்ற நொடியில் கையிருப்பில் எவ்வளவு சும்மா கிடந்தது. அப்போது ஆயிரம் மரம் இருந்தால் குறை படைத்திறனில் இல்லை, கட்டடம் போதவில்லை. நான்காவதாக, அதே ஆட்டத்தை எதிராளியின் பக்கத்திலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. செய்தால் தெரியும்: அசுர பலத்தோடு வந்ததாகத் தோன்றிய அந்த ஆளும் ஆறாவது நிமிடத்தில் வீடு கட்ட மறந்திருப்பார், இரண்டாவது பன்றியைத் தாமதமாக இழுத்திருப்பார், வேலியில் ஒரு கட்டம் விட்டிருப்பார். உங்கள் குதிரை அந்த இடைவெளியைக் கடந்து போயிருக்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இந்தப் பதிவில் படம் எதுவும் கிடையாது. யார் எந்த நொடியில் என்ன கட்டளை இட்டார் என்ற பட்டியல் மட்டும் இருக்கிறது. ஆட்டம் அதை வைத்து எல்லாவற்றையும் மறுபடி நடத்திக் காட்டுகிறது. ஆகவே புது அப்டேட் வந்து ஒரு வீரனின் விலையோ வேகமோ மாறினால் பழைய பதிவுகள் பெரும்பாலும் ஓடுவதில்லை. சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு, ஐந்தாவது நிமிடத்தில் என்ன நடந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.